பகுதி சபைக் கூட்டத்துக்கு மென்பொருள் வாங்கலாமா?

வியாசர்பாடியில் குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருக்கும் வாசகி கேட்கிறார்: "மழைநீர் வடிகாலுக்கு எந்தத் தெருவை முதலில் எடுக்கச் சொல்வது என்று பகுதி சபையில், அதாவது வார்டில் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டத்தில், முடிவு செய்ய வேண்டும். நாலு பேர்தான் பேசுகிறார்கள், பெண்கள் வாயே திறப்பதில்லை. கூட்டம் நடத்தும் மென்பொருள் என்று ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?"

வேண்டாம்மா. அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் 1980களிலேயே ஆளுக்கொரு கணினி கொடுத்துக் கூட்டம் நடத்திப் பார்த்துவிட்டார்கள். அதில் உள்ள விஷயம் எளிது. 30 பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஆளுக்கு 2 நிமிடம்தான், தன் முறை வருவதற்குள் பாதிப் பேருக்குச் சொல்ல வந்ததே மறந்துபோகும். எல்லாரும் ஒரே நேரத்தில், பெயர் போடாமல் எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை. அதற்கு ஒரு லேப்டாப், வாடகை புரொஜெக்டர், இலவச கூகுள் படிவம் போதும். போனில் தட்டத் தெரியாதவர்கள் சீட்டில் எழுதட்டும், கல்லூரிப் பிள்ளை யாராவது ஏற்றிவிடுவார். வாட்ஸ்அப் வாக்கெடுப்பு மட்டும் வேண்டாம், யார் எதற்குப் போட்டார்கள் என்று பெயரோடு காட்டிவிடும்.

அந்த ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் விலை, அப்புறம் வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம், அதற்கும் மேல் "பதிவு செய்ய" என்று எல்லாருடைய ஆதார் எண்ணும் போன் நம்பரும் கேட்பார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். தேர்தல் வந்தால் அந்தப் பட்டியல் யார் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

சில இடங்களில் பெயர் மறைப்பது உதவாது. கொருக்குப்பேட்டையில் நான் நடத்திய கூட்டத்தில் "கால்வாய் ஓரக் கடையை எடுத்தால்தான் தண்ணீர் ஓடும்" என்று 11 சீட்டு வந்தது, கடைக்காரர் அங்கேயே உட்கார்ந்திருந்தார், முகம் தெரியாதவர்களுக்கு அவர் என்ன பதில் சொல்வார், பேசாமல் எழுந்து போய்விட்டார். ஒருவருடைய பிழைப்பைத் தொடும் விஷயம் என்றால் திரையை அணைத்துவிட்டு நேருக்கு நேர் பேசுங்கள். அதேபோல "நான் இடம் விடுகிறேன்", "நான் ஆள் தருகிறேன்" என்று பொறுப்பேற்பவர் பெயரோடுதான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, தீர்மானம். கூட்டம் முடிந்து மூன்று வாரம் கழித்து, நாம் பேசாததெல்லாம் சேர்ந்து ஒரு தாள் வருமே, அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு வரியையும் எல்லாரும் பார்க்கத் திரையிலேயே தட்டச்சு செய்து, அங்கேயே பிரின்ட் எடுத்து, அதிகாரி வண்டி ஏறுவதற்கு முன் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.