பேப்பர் பீசிங்கில் பூ பிளாக்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பூ வடிவ குயில்ட் பிளாக்கை, அதாவது துணித் துண்டுகளை இணைத்துச் செய்யும் போர்வையின் ஒரு சதுரத்தை, நாமே காகிதத்தில் வரைந்து, அந்தக் காகிதத்தோடு சேர்த்துத் தைத்து, பிறகு காகிதத்தைக் கிழித்தெடுக்கும் பேப்பர் பீசிங் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, சாதாரணமாகத் துண்டு வெட்டி இணைக்கத் தெரியும். பூவுக்குக் காகிதம் அவசியமா?

இதழ் நுனி கூர்மையாக வர வேண்டும் என்றால் அவசியம் என்றே சொல்வேன். கோடு போட்ட பக்கம் மேலே இருக்கும், துணி காகிதத்துக்கு அடியில் இருக்கும், நீங்கள் கோட்டின் மேலேயே தைக்கிறீர்கள். துணியை அளந்து வெட்டுவதில் கொஞ்சம் பிசகினாலும் நுனி பிசகாது.

இதழை அழகாக வரைந்துவிட்டேன், ஆனால் எந்த வரிசையில் தைப்பது என்றே பிடிபடவில்லை. எங்கே தவறு?

இதழை முதலில் வரைந்ததுதான் தவறு. இந்த முறையில் நாம் வரைவது இதழை அல்ல, தையல் கோடுகளை. எல்லாமே நேர்கோடு, ஒவ்வொரு கோடும் அதுவரை தைத்த துண்டுகளை முழுசாகக் கடந்து போக வேண்டும்.

ஒன்றை வரைந்து பாருங்கள். 8 அங்குல பிளாக்கை நான்கு 4 அங்குலச் சதுரமாகப் பிரித்து, ஒன்றை மட்டும் எடுங்கள். பூவின் நடு வரும் மூலையிலிருந்து, எதிரே இருக்கும் இரண்டு பக்கங்களின் மையப் புள்ளிகளுக்கு ஒவ்வொரு கோடு இழுங்கள். இரண்டுக்கும் இடையில் இருப்பதுதான் இதழ். எதிர் மூலையருகில், இரண்டு ஓரத்திலிருந்தும் அரை அங்குலம் உள்ளே ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியில் ஒன்றையொன்று வெட்டும்படி இரண்டு கோடுகள் போட்டால் நுனி கிடைத்துவிடும். தைக்கும் வரிசை இதுதான்: இதழ் 1, நுனியின் இருபுறமும் 2, 3, நீளமான பக்கங்கள் 4, 5. இதையே நான்கு முறை தைத்து, பூவின் நடு ஒன்றுசேரும்படி திருப்பி இணைத்தால் நான்கு இதழ், மொத்தம் 20 துண்டு. 4, 5 இரண்டையும் பச்சையில் வைத்தால் இதழ்களுக்கு நடுவே இலை எட்டிப் பார்க்கும்.

சொந்தமாக வரையும்போது வரிசையைக் கடைசியிலிருந்து தேடுங்கள். ஓரத்திலிருந்து ஓரம்வரை ஓடும் கோடு எது? அதுதான் கடைசியாகத் தைக்க வேண்டியது. அதற்கு அப்பால் இருக்கும் துண்டை அழித்துவிட்டு, மிச்சத்தில் அதே கேள்வியைக் கேளுங்கள். ஓரம்வரை ஓடுகிற கோட்டுக்கு இரண்டு பக்கமும் பல துண்டுகள் இருந்தால், அங்கே காகிதத்தையே வெட்டித் தனித்தனிப் பகுதியாகத் தைத்து அப்புறம் இணைக்க வேண்டும். அப்படி ஒரு கோடுமே கிடைக்கவில்லை என்றால் அந்த வரைபடத்தைத் தைக்க முடியாது, ஏதாவது ஒரு கோட்டை நீட்டித்தான் ஆக வேண்டும்.

ஐந்து இதழ்தான் வேண்டும். நடுவில் மாட்டிக்கொள்கிறேன்.

இது எனக்கு மிகப் பிடித்த கேள்வி! ஐந்து இதழ் என்றால் ஒவ்வொன்றுக்கும் 72 டிகிரி. இரண்டைச் சேர்த்தால் 144, மூன்றைச் சேர்த்தால் 216. எப்படிப் பிரித்தாலும் 180 வராது, அதனால் இரண்டு பாதியை நேர்கோட்டில் இணைக்க வழியில்லை. ஆனால் இரண்டு இதழுக்கு நடுவே இருக்கும் கோட்டை மையத்தைத் தாண்டி நீட்டிப் பாருங்கள், அது எதிரே இருக்கும் இதழைச் சரிபாதியாகப் பிரிக்கும். இப்போது ஒவ்வொரு பாதியிலும் இரண்டரை இதழ், கடைசித் தையல் ஒரே நேர்கோடு. பிரிந்த இதழில் தெரியும் தையலை நான் மறைப்பதே இல்லை, அது இதழின் நரம்பு மாதிரி அழகாகவே இருக்கிறது. ஆறு இதழுக்கு இந்தச் சிக்கலே கிடையாது.

வலது பக்கம் சாய்ந்த பூ வரைந்தேன், தைத்தபின் இடது பக்கம் சாய்ந்துவிட்டது.

எப்போதும் அப்படித்தான் வரும், தைப்பது கோட்டின் மறுபக்கத்தில் அல்லவா. சாய்வு முக்கியம் என்றால் காகிதத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து மறுபடி வரைந்துகொள்ளுங்கள், எண்களையும் அந்தப் பக்கமே எழுதுங்கள்.

புதுத் துண்டை முந்தைய துண்டின் மேல் வைத்துத் தைத்துத் திருப்பினால், துணி அதற்கான இடத்தை மூடுவதில்லை. ஒவ்வொரு துண்டாகத் தையலைப் பிரித்துப் பிரித்து அலுத்துவிட்டது.

துண்டை எல்லாப் பக்கமும் அரை அங்குலமாவது கூடுதலாக வெட்டுங்கள். சரிவான கோணத்துக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாக. துணி வீணாகிறதே என்று தோன்றும், ஆனால் பிரித்துத் தைக்கும் வேதனைக்கு அது எவ்வளவோ மேல். தைப்பதற்கு முன் அந்தக் கோட்டில் குண்டூசி குத்தி, துணியை மட்டும் மடித்துப் பாருங்கள், மூடுகிறதா இல்லையா என்று அப்போதே தெரிந்துவிடும். தைத்தபின் கால் அங்குலம் விட்டு மிச்சத்தை வெட்டிவிடுங்கள். பிளாக்கின் வெளி ஓரத்தில் வரும் துண்டுகளில் நேர் இழை ஓரத்தோடு ஓடட்டும். இழை கிராஸாக, அதாவது ஓரத்துக்குச் சாய்வாக வந்தால் காகிதத்தை எடுத்ததும் இழுபடும்.

காகிதம் கிழிக்கும்போது தையலும் விட்டுப்போகிறது.

தையல் நீளம் 1.5 மில்லிமீட்டர், ஊசி 90/14 அளவு. துளைகள் நெருக்கமாக விழுந்தால் காகிதம் சுலபமாகப் பிரிந்து வரும். பிளாக்குகளை ஒன்றோடொன்று இணைத்த பிறகே கிழியுங்கள். அயர்ன் பண்ணும்போது நீராவி வேண்டாம், காகிதம் சுருண்டுவிடும்.

எட்டு இதழ் நடுவில் சேரும் இடம் மலை மாதிரி மேடாகிறது.

பகுதிகளை இணைக்கும் தையல்களை ஒருபக்கமாகச் சாய்க்காமல் விரித்து அழுத்துங்கள். அப்புறம் ஒவ்வொரு பகுதியின் உள்முனையிலும் கடைசித் துண்டாக மஞ்சள் சேர்த்துவிட்டால், எட்டும் சேர்ந்து பூவின் நடுவாகிவிடும். மஞ்சளோடு மஞ்சள் சந்திப்பதால் நூலிழை அளவு பிசகினால்கூடக் கண்ணில் படாது.

நல்ல நிறங்கள்தான் எடுத்தேன், தூரத்திலிருந்து பார்த்தால் பூவே தெரியவில்லையே?

துணிகளை அடுக்கி போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். இதழும் பின்னணியும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் இரண்டில் ஒன்றை மாற்றுங்கள், தைக்க உட்காருவதற்கு முன்பே.