தேன் நிறக் கூழாங்கல்: சின்ஹலைட்டா, வேறு கல்லா?

கேள்வி: இரத்தினபுரிப் பக்கம் உரிமம் பெற்ற குழியொன்றில் எங்கள் பங்குக்குத் தேன் நிறக் கூழாங்கல் ஒன்று வந்தது, கிட்டத்தட்ட 7 கரட். ஒருவர் கிரைசோபெரில் என்கிறார், இன்னொருவர் சிர்கோன் என்கிறார், மூன்றாமவர் சின்ஹலைட்டாக இருக்கும் என்கிறார். பட்டை தீட்டக் கொடுக்குமுன் எப்படிக் கண்டறிவது?

பதில்: நிறத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. 1952 வரை சின்ஹலைட்டையே பழுப்புப் பெரிடொட் (வழக்கமாகப் பச்சையாக இருக்கும் இரத்தினக்கல்) என்றுதான் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு எக்ஸ் கதிர் ஆய்வில்தான் அது மக்னீசியம், அலுமினியம், போரோன் சேர்ந்த தனிக் கனிமம் என்று தெரிந்தது. கீறிப் பார்க்கவும் வேண்டாம். மோஸ் கடின அளவில் (1 முதல் 10 வரை) சின்ஹலைட் 6.5 முதல் 7 வரை. பெரிடொட்டுக்கும் அதே அளவுதான். கல் கெடும், விடை கிடைக்காது.

முதல் வேலை ஒப்படர்த்தி, அதாவது கல் தன் பருமனளவு நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்று பார்ப்பது. கரட்டில் இரண்டு தசமம் காட்டும் தராசு போதும். கல்லை நன்றாகக் கழுவி, குழிகளில் ஒட்டிய களியைத் தூரிகையால் எடுத்து, உலர்த்தி நிறுங்கள். பிறகு தராசு தாங்கும் அளவுக்குச் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் கொதித்து ஆறிய நீரை ஊற்றி, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, தட்டில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். மெல்லிய நைலோன் நூலில் கல்லைக் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ படாமல் தொங்கவிடுங்கள். நூலைக் கையால் பிடித்தால் எண் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு கம்பியில் கட்டிவிடுங்கள். உலர் நிறையை இப்போது தெரியும் எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி.

உங்கள் கல் 6.96 கரட் என்று வைப்போம். நீரில் 2.00 காட்டினால் 3.48, அது சின்ஹலைட்டின் அளவு. பெரிடொட் என்றால் 2.08, கோமேதகம் 1.91, கிரைசோபெரில் 1.87 அளவில் நிற்கும். சிர்கோன் இன்னும் கீழே, 1.50 முதல் 1.75 வரை. பழுப்பு டூர்மலின் 2.27க்குப் போய்விடும்.

பெரும்பாலும் தவறு நடப்பது காற்றுக் குமிழியால். கல்லில் ஒரு குமிழி ஒட்டியிருந்தாலும் எண் கூடும், ஒப்படர்த்தி குறையும், நல்ல சின்ஹலைட் பெரிடொட் போலத் தெரியும். கல் அடியில் தட்டினாலும் இதே கதை. மூன்று தடவை எடுங்கள், மூன்றும் 0.01க்குள் வராவிட்டால் கணக்கை நம்ப வேண்டாம். 1 கரட் கல்லில் 0.01 பிழை வந்தாலே விடை 3.37 முதல் 3.61 வரை ஓடும். ஆகவே 3 கரட்டுக்குக் குறைந்த கல்லுக்கு இந்த முறையை மட்டும் வைத்துப் பெயர் சூட்டாதீர்கள்.

டோபாஸ் ஒன்றுதான் தலைவலி. அதன் எண் 1.97, சின்ஹலைட்டுடன் வித்தியாசம் 0.03 மட்டுமே. இங்கே 10 மடங்கு லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி) உதவும். கல்லை நனைத்து, ஊடாகப் பார்த்து, மறுபக்கக் கீறலையோ உள்ளே உள்ள புள்ளியையோ குவியுங்கள். சின்ஹலைட்டில் அது தெளிவாக இரண்டாகத் தெரியும்; ஒளி இரண்டாகப் பிரியும் அளவான இரட்டை ஒளிவிலகல் 0.036க்கு மேல். டோபாஸில் 0.010 அளவுதான், அதனால் ஒன்றாகவே தெரியும். கிரைசோபெரிலும் அப்படித்தான். ஒளி பிரியாமல் போகும் திசையான ஒளியச்சு வழியாகப் பார்த்தால் சின்ஹலைட்டிலும் இரட்டிப்பு மறையும், எனவே குறைந்தது மூன்று திசைகளில் பாருங்கள். சிர்கோனிலும் கோடுகள் இரட்டிக்கலாம். அதை நிறை ஏற்கனவே பிரித்துவிட்டது.

இன்னும் உறுதி வேண்டுமானால் பட்டை தீட்டுபவரிடம் 3 மில்லிமீற்றர் அளவில் ஒரே ஒரு முகம் மட்டும் மெருகேற்றித் தரச் சொல்லுங்கள். ஒளி கல்லுக்குள் எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ஒளிவிலகல்மானியில் கல்லைச் சுற்றும்போது 1.67 அருகிலும் 1.71 அருகிலும் நிழல் எல்லைகள் கிடைத்தால் சின்ஹலைட். பெரிடொட் பொதுவாக 1.69ஐத் தாண்டாது. கல் ஊடாக வரும் ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கைநிறமாலைமானி இருந்தால் 493, 475, 463, 452 நானோமீற்றர் இருண்ட கோடுகளைத் தேடுங்கள். 463 பெரிடொட்டில் இராது.

அடுத்த முறை கூடையில் இல்லத்தை (இரத்தினக்கல் கலந்த சரளையை) கழுவும்போது, அடியில் தங்கும் பழுப்புக் கற்களை ஈரமாகவே வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்; உலர்ந்தால் மேற்பரப்பு மங்கி, உள்ளே தெரியாது. சந்தேகக் கற்களைத் தனித்தனிக் கடதாசிப் பொட்டலத்தில் வையுங்கள். நீலக்கல்லோடு ஒன்றாகப் போட்டால் 9 கடினமுள்ள அது இவற்றைக் கீறும். குழியின் பெயர், திகதி, ஈர நிறம் மூன்றையும் பொட்டலத்தின் மேல் எழுதுங்கள். அடையாளம் தெரியும்வரை யார் சொன்னாலும் சூடேற்ற விடாதீர்கள். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் உரிமம் இல்லாத குழியிலோ ஆற்றிலோ எடுத்த கல் என்றால், அதை விற்கப் போகும் இடத்தில் சிக்கல் வரும்.