மேவ் அரசியின் கல்லறையில் இருப்பவர் யார்?

கேள்வி: அயர்லாந்தில் படிக்கும் மகள் எங்களை ஸ்லைகோ கவுண்டிக்கு இரண்டு நாள் அழைத்துச் செல்வதாகச் சொல்கிறாள். அங்கே மேவ் என்ற அரசியை மலையுச்சியில் நின்ற நிலையிலேயே புதைத்திருக்கிறார்களாமே, உண்மையா? வேறு எதைப் பார்க்கலாம்?
– ஒரு வாசகி

பதில்: உண்மையில்லை, அதற்காக மலையேறாமல் வந்துவிடாதீர்கள். 327 மீட்டர் உயரமுள்ள நாக்னரே மலையின் உச்சியில், சுமார் 55 மீட்டர் அகலமும் 10 மீட்டர் உயரமுமாகக் கிடக்கும், அவள் கல்லறை எனப்படும் கற்குவை ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமையுடையது என்பது தொல்லியலாளர்களின் கணிப்பு. ஐரிஷ் பழங்கதை அரசியான மேவின் கதைகளோ கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டி நடந்தவையாகச் சொல்லப்படுபவை. கையில் ஈட்டியுடன், பகைநாடான அல்ஸ்டரை முறைத்தபடி அவள் உள்ளே நிற்கிறாள் என்பது, எப்போதோ எழுந்த குவியலுக்குப் பின்னால் வந்தவர்கள் சூட்டிய கதை. அந்தக் கற்குவையை இதுவரை யாரும் அகழ்ந்து பார்த்ததில்லை. கற்கள் சரிவதால் அதன்மேல் ஏற வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறார்கள். சுற்றி நடந்தாலே போதும். மலைக்குக் கீழே கேரோமோரில், கற்காலக் கல்லறைகள் சுமார் 30 எஞ்சியிருக்கின்றன; அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

டிரம்கிளிஃப் தேவாலய முற்றத்திலும் இதே ஐயம்தான். கவிஞர் யேட்ஸ் 1939இல் பிரான்சில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். 1948இல் அவருடைய எலும்புகளை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். ஆனால் இடையில் அவை பலருடைய எலும்புகளோடு கலந்துவிட்டதால், வந்து சேர்ந்தவை அவருடையவைதாமா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. நிமிர்ந்து பார்த்தால் எதிரே, பனியாறுகள் செதுக்கிய பென்புல்பென் மலை மேசைபோல் தட்டையான தலையுடன் நிற்கிறது. ஐரிஷ் பழங்கதைகளின் வீரர் தலைவன் ஃபின்னுக்கு நிச்சயித்த கிரான்யாவுடன் ஓடிப்போன டியர்மிட் காட்டுப்பன்றியால் குத்துண்டு கிடந்தது இந்த மலையில்தான் என்கிறார்கள். ஃபின் தன் கைகளில் ஏந்திக் கொடுக்கும் நீருக்கு உயிர் காக்கும் ஆற்றல் உண்டு. ஆனால் அவன் இரண்டு முறை நீரை விரலிடுக்கில் ஒழுகவிட்டு, மூன்றாம் முறை கொண்டுவருவதற்குள் டியர்மிட் இறந்துவிடுகிறான். என் கணக்கில், இந்த வட்டாரத்தின் முதல் கதை இதுதான். மேவின் கதை இதற்கு அடுத்ததே.

நேரமிருந்தால் ஸ்ட்ரீடா கடற்கரைக்கும் போங்கள். 1588இல் ஸ்பானியக் கடற்படையின் மூன்று கப்பல்கள் புயலில் இங்கே உடைந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உயிர் தப்பிய கேப்டன் டி குவேயார், கரையிலிருந்தவர்கள் பிணங்களின் ஆடைகளைக்கூட உரித்துக்கொண்டு போனதைத் தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். இங்கே மட்டும் கதைக்குச் சான்று கேட்க வேண்டியதில்லை. 2015இல் அக்கப்பல்களில் ஒன்றின் வெண்கலப் பீரங்கிகளையே கடலடியிலிருந்து மேலே எடுத்தார்கள். கடல் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனால், மணலில் நெடுந்தூரம் நடக்கலாம்.