ரெண்டு நாள் கோர்ஸ் முடிச்சிட்டு மச்சானை நானே ஏத்தலாமா?

டர்பன் சாட்ஸ்வொர்த்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். பாறை ஏறப் பழகுற ஜிம்ல ஒரு வருஷமா லீட் (கயிறைத் தானே மாட்டிக்கிட்டே முன்னால ஏறுறது) ஏறுறாராம், டிசம்பர் லீவுக்கு கேப் டவுன் போறப்ப ஒரு ஏஜென்ட் மூலமா ரெண்டு நாள் மல்ட்டி-பிட்ச் (உயரமான பாறையைத் துண்டு துண்டா பிரிச்சு ஏறுறது, ஒரு துண்டு ஒரு பிட்ச்) கோர்ஸ், சர்டிபிகேட்டோட, அது முடிஞ்சதும் டேபிள் மவுண்டன்ல மச்சானை தானே கூட்டிட்டு ஏறலாமான்னு.

வேணாம் தம்பி. ஏறுற பலம் உங்ககிட்ட இருக்கும், நான் அதைச் சொல்லல. ஜிம்ல விழுந்தா தரைல நிக்கிறவர் இறக்கி விட்டுருவார், இங்க பாதி பாறைல ஒரு சின்னத் திட்டுல நின்னுக்கிட்டு நீங்களே விரிசல்ல நட்டும் கேமும் (இறுகிப் பிடிக்கிற உலோகப் பிடிகள்) சொருகி, ரெண்டு பேரையும் தாங்குற ஆங்கர் கட்டி, மச்சானை மேல இருந்து பிலே பண்ணணும், அதாவது கயிறைப் பிடிச்சுக் காக்கணும். ஆங்கர்ல மூணு பிடியாவது வைங்க, ஒண்ணு பிடுங்கிட்டாலும் மத்தது தாங்கணும். அடுத்த பிட்ச் கிளம்பினதும் உடனே ஒரு பிடி போட்டுருங்க, அது இல்லாம விழுந்தா பிலே பண்றவரையும் தாண்டிக் கீழ போவீங்க, முழு அடியும் ஆங்கர் மேலதான். மச்சான் நடுவுல தொங்கிட்டா இன்னொரு வம்பு, மேல இருந்து பிலே பண்ற டிவைஸ் பாரம் ஏறினதும் இறுகிக்கும், அதைத் தளர்த்தி அவரை இறக்குறது தனி வித்தை, ஜிம்ல சொல்லித் தர மாட்டாங்க. வீட்டுப் பின்னாடி மரத்துல கட்டியே பழகலாம்.

இப்ப அந்த ஏஜென்ட். சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டலாம், வேற பிரயோஜனம் கிடையாது. 2014 டூரிஸம் சட்டப்படி காசு வாங்கிட்டு கைட் பண்றவர் மாகாண ரெஜிஸ்ட்ரார்கிட்ட பதிஞ்சு கார்டு வச்சிருக்கணும். அட்வென்ச்சர் கைடுன்னு இருக்கான்னு பாருங்க, ஊர் சுத்திக் காட்டுற கல்ச்சர் கைட் கார்டை தூரத்துல இருந்து ஆட்டிக் காட்டுவாங்க. சட்டம் பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு, பாறைக்கு அடியில வந்து கார்டு கேட்ட அதிகாரி ஒருத்தரை நான் பாத்ததில்ல. ஏஜென்ட் கமிஷனை எடுத்துக்குவார், அன்னைக்குக் காலைல எந்தப் பையன் கயிறோட வந்து நிப்பான்னு அவருக்கே தெரியாது!

டேபிள் மவுண்டன்ல இறங்கக் கத்துக்கவே வேணாம்னு சிலர் சொல்லுவாங்க. அரோ ஃபைனல் மாதிரி ரூட் மேல கேபிள் கார் ஸ்டேஷன் பக்கத்துலதான் முடியும், அதனால அது ஒருவகைல சரிதான், காத்து இல்லாத நாள்ல. டிசம்பர்ல சவுத்-ஈஸ்டர் காத்து அடிச்சா கேபிள் காரை நிறுத்திருவாங்க. அப்ப பிளாட்டக்ளிப் நடைபாதை வழியா நடந்து இறங்கலாம், ஹெட் டார்ச் இருந்தா. ஆனா அந்தச் சலுகை உச்சியைத் தொட்டவங்களுக்குத்தான், ரெண்டாவது பிட்ச்ல மச்சானுக்குக் கை நடுங்கிட்டா எங்க நடப்பீங்க? அதனால ஆப்செய்ல், அதாவது கயிறுல இறங்குறது, கட்டாயம் தெரியணும். 60 மீட்டர் கயிறை மடிச்சுப் போட்டா 30 மீட்டர்தான் இறங்கலாம், ரெண்டு நுனியிலயும் முடிச்சு, டிவைஸுக்குக் கீழ ப்ரூசிக் (கை நழுவினா கயிறை இறுகப் பிடிக்கிற முடிச்சு).

கத்துக்கணும்னா 1891ல ஆரம்பிச்ச மவுண்டன் கிளப் ஆஃப் சவுத் ஆப்பிரிக்காவுக்கு குவாசூலு-நட்டால்லயும் கிளை இருக்கு, அவங்க கூட மான்டசீல் பாறைக்குப் போய் முதல்ல நட்டு சொருகிப் பழகுங்க, அப்புறம் அனுபவமுள்ளவர் பின்னாடி செகண்டா ஒரு சீசன் ஏறுங்க. ஏஜென்ட்டுக்கு டெபாசிட் கட்டலைன்னா கட்டாதீங்க. கட்டிட்டீங்கன்னா கைட் பேரு, கார்டு ஃபோட்டோ ரெண்டையும் வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க, இழுத்தடிச்சா காசைத் திருப்பி வாங்கிருங்க.