சர்வீஸ் விட்டு எடுத்த பைக் இழுக்கவில்லை, மைலேஜும் குறைந்துவிட்டது. வேறு மெக்கானிக்கிடம் காட்டலாமா?

காட்டாதீர்கள். இன்னும் ஒரு நாள் பொறுங்கள்.

நான்கு நாளைக்கு முன்னால் ஜெனரல் சர்வீஸ் விட்டதாகவும், அதுவரை லிட்டருக்கு ஐம்பதுக்கு மேல் கொடுத்த வண்டி இப்போது நாற்பதைத் தொடவே திணறுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அச்சு அசலாக இதே கூத்து எனக்கும் நடந்தது. நான் அவசரப்பட்டு இன்னொருவரிடம் காட்டி 650 ரூபாய் தண்டம் அழுதவன், அதனால்தான் முதல் வார்த்தையே இப்படி வருகிறது.

எனக்கு வீடு வியாசர்பாடி, வேலை மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில். வண்டி 125 சிசி, 2016 மாடல், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தருவது கார்பரேட்டர்தான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சர்வீஸ் முடித்து எடுத்தேன். வாட்டர் வாஷ் அடித்து, பாலிஷ் போட்டு, டயருக்குக் கறுப்பு பூசி மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார்கள். அந்த மினுமினுப்பில் பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி கொஞ்ச தூரம் தானாக உருளும் இல்லையா, அது உருளவில்லை, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல நின்றது. சரி, புது ஆயில் ஊற்றியிருக்கிறார்கள், இரண்டு நாளில் செட் ஆகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆகவில்லை. புதன்கிழமை மூலக்கடையில் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் நிறுத்தி, "கார்பரேட்டர்ல ஏதோ அடைப்புண்ணா, பிக்கப் இல்ல" என்றேன். நான் செய்த பெரிய தப்பு இதுதான். என்ன நடக்கிறது என்று சொல்லாமல் என்ன வியாதி என்று நானே சொல்லிவிட்டேன். அவரும் நான் சொன்ன வியாதிக்கு நான் கேட்ட மருந்தைக் கொடுத்தார்: கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஏர் ஸ்க்ரூவைத் திருகி, புது பிளக் மாட்டி, 650. வண்டி அன்றும் இழுக்கவில்லை, கூடவே சிக்னலில் நின்றால் ஐட்லிங்கில் ஊளையிட ஆரம்பித்தது.

அதன் பிறகுதான் சர்வீஸ் விட்ட கடைக்கே போனேன். அங்கே ஓனர் கார்பரேட்டர் ஸ்க்ரூவில் இருந்த புதுக் கீறலை ஒரு பார்வை பார்த்தார். "வேற கை பட்டிருக்கு சார், இனிமே நாங்க பொறுப்பில்ல." கோபம் வந்தது, ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. நடுவில் இன்னொருவர் திறந்த வண்டிக்கு யார்தான் பொறுப்பேற்பார்கள்?

கடைசியில் கோளாறைக் கண்டுபிடித்தது இரண்டு மெக்கானிக்கும் இல்லை, பஞ்சர் கடைப் பையன். வேலை முடிந்து வரும்போது கொடுங்கையூர் அருகே பின் டயர் இறங்கிவிட்டது. அவன் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஆணி எங்கே என்று தேட சக்கரத்தைக் கையால் தள்ளினான். சக்கரம் அரைச் சுற்றுகூடப் போகாமல் நின்றது. இன்னொரு தடவை தள்ளினான், அப்போதும் அப்படியே. சக்கரத்தின் நடுவில் பிரேக் பிடிக்கும் டிரம்மில் கையை வைத்தவன் சுள்ளென்று இழுத்துக்கொண்டு, "இன்னாண்ணா, பிரேக்கப் புடிச்சிக்கினே ஓட்டினு வந்தியா?" என்றான். பாட்டிலில் இருந்து கொஞ்சம் தண்ணீர் தெளித்தான், சுர்ரென்று ஆவி போனது.

காரணம் ரொம்பச் சின்னது. சர்வீஸில் செயினை இறுக்குவார்கள். செயினை இறுக்குவது என்றால் பின் சக்கரத்தையே கொஞ்சம் பின்னால் நகர்த்துவது. டிரம் பிரேக் வண்டியில் பிரேக் பெடலிலிருந்து டிரம்முக்கு ஒரு கம்பி போகிறது, அதன் நீளம் மாறாது. சக்கரம் பின்னால் போனால் அந்தக் கம்பி பிரேக் லீவரை முன்பக்கமாக இழுத்துப் பிடிக்கும், அதாவது யாரும் மிதிக்காமலே பாதி பிரேக் விழுந்துவிடும். அதனால் செயினை இறுக்கிய கையோடு கம்பியின் கடைசியில் இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் நட்டைத் தளர்த்தி விட வேண்டும். சனிக்கிழமை கூட்டத்தில் என் வண்டிக்கு அதை மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பையன் ஸ்பேனரை எடுத்து நான்கு சுற்றுத் தளர்த்தியதும் சக்கரம் பாட்டுக்குச் சுற்றியது. செயினும் அளவுக்கு மீறி இறுகியிருந்தது, வீணைக் கம்பி மாதிரி. ஆள் ஏறி உட்கார்ந்தால் அது இன்னும் இறுகும், செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் கியர்பாக்ஸ் பேரிங்கையும் சேர்த்துத் தின்னும். பஞ்சருக்கான காசைத் தவிர அவன் ஒரு பைசா கூடுதலாக வாங்கவில்லை.

இப்போது உங்கள் வண்டிக்கு வருகிறேன். சர்வீஸுக்கு முன்னால் இல்லாத கோளாறு சர்வீஸுக்குப் பின்னால் வந்தால், முக்கால்வாசி அவர்கள் கை வைத்த இடத்தில்தான் இருக்கும். அதனால் முதலில் பில்லை எடுத்து என்னென்ன செய்தார்கள் என்று படியுங்கள். செயின் அட்ஜஸ்ட் என்று இருந்தால் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். செயினின் கீழ்ப்பக்கத்தை நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், என் வண்டியின் மேனுவலில் 20லிருந்து 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கச் சொல்கிறது. செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது, எனவே சக்கரத்தைத் திருப்பித் திருப்பி நான்கைந்து இடத்தில் பார்க்க வேண்டும். கிளட்ச் லீவர் நுனியில் 10லிருந்து 20 மில்லிமீட்டர் வெறும் ஆட்டம் வேண்டும், அது இல்லாவிட்டால் கிளட்ச் ஸ்லிப் ஆகும். இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக் பாதி இழுத்தபடியே விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள், சிரிக்காதீர்கள், என் தம்பிக்கு நடந்திருக்கிறது. ராத்திரி இன்ஜினுக்கு அடியில் பழைய தினத்தந்தியை விரித்து வைத்தால் ஆயில் டிரெய்ன் போல்ட் கசிகிறதா என்று காலையில் தெரிந்துவிடும்.

சக்கரம் சுற்றவில்லை, டிரம் கொதிக்கிறது என்றால் அந்த நிலையில் ஓட்டாதீர்கள். சூட்டில் பிரேக் ஷூ கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிடும், அப்புறம் நிஜமாகவே பிரேக் வேண்டும் என்கிறபோது பிடிக்காது. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிக்குப் பின்னால் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைக்குப் போகும்போது பில்லோடு போங்கள், காலையில் கடை திறக்கும் நேரத்தில், கூட்டம் சேர்வதற்கு முன்னால். "ஆக்சிலேட்டரை விட்டா வண்டி உருள மாட்டேங்குது, டிரம் சுடுது" என்று நடப்பதை மட்டும் சொல்லுங்கள். ஓட்டும் நிலையில் வண்டி இருந்தால் மெக்கானிக்கை ஓட்டச் சொல்லி நீங்கள் பின்னால் உட்கார்ந்து ஒரு ரவுண்டு வாருங்கள். கத்தினால் அவர்களும் கத்துவார்கள், வேலை நடக்காது. நான் இரண்டாவது முறை போனபோது பில்லில் "செயின் டைட்" என்று அவர்கள் கையாலேயே எழுதியிருந்த வரியைக் காட்டினேன். ஓனர் ஒன்றும் பேசவில்லை. பையனைக் கூப்பிட்டு பிரேக் ஷூ மாற்றச் சொன்னார், ஷூவுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு லேபர் விட்டுவிட்டார். ஐட்லிங்கையும் அவரே டியூன் செய்து கொடுத்தார். மன்னிப்பு கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

வாரண்டியில் இருக்கும் வண்டி, கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால் கதை வேறு. வாய்ப்பேச்சு வேண்டாம், வண்டியை விடும்போது செய்ய வேண்டிய வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் புகாரை எழுத வைத்து நகல் வாங்குங்கள். ஆயில் ஊற்ற மறந்து இன்ஜின் இறுகி சீஸ் ஆனது போன்ற பெரிய சேதத்தைச் செய்துவிட்டுக் கையை விரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. ஆனால் முன்னூறு ரூபாய் பிரேக் ஷூவுக்கு அங்கே அலைவது என் பார்வையில் வெட்டி வேலை. இன்னொன்று, மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறக்கி ஓட்டிவிட்டு சர்வீஸ்காரரைத் திட்டுகிறவர்களும் எங்கள் ஏரியாவில் உண்டு, அந்தக் கணக்கில் வந்துவிடாதீர்கள்.

மைலேஜை டேங்க் முள்ளைப் பார்த்து முடிவு செய்யாமல், ஒரே பங்கில் ஃபுல் டேங்க் போட்டு நூறு கிலோமீட்டராவது ஓட்டி மறுபடி ஃபுல் செய்து கணக்குப் பாருங்கள். எனக்கு நட்டு தளர்த்திய பிறகு 38லிருந்து 54க்குத் திரும்பியது. மூலக்கடையில் கழற்றிய பழைய பிளக்கில் ஒரு குறையும் இல்லை, துடைத்து சைடு பாக்ஸில் ஸ்பேராகப் போட்டு வைத்திருக்கிறேன்.