பழைய புத்தகம்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: ஐயா, கனடா போகும் பக்கத்து வீட்டார் ஒரு பெட்டி நிறையப் பழைய நூல்களை என்னிடம் தந்துவிட்டார்கள். அதற்குள் 1862 என்று போட்ட வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதியும் இருக்கிறது. இப்படி வாங்கி விற்பதை ஒரு தொழிலாகச் செய்யலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: முதலில் அந்த அகராதியின் தலைப்புப் பக்கத்தைப் புரட்டி மறுபக்கத்தைப் பாரும், தம்பி. பழைய பக்கங்களை அப்படியே படம்பிடித்த மீள்பதிப்பு டில்லியில் வந்திருக்கிறது. அதிலும் முன்னால் 1862 தான் நிற்கும். பிறகு ஒரு தாளின் பின்புறத்தை விரலால் தடவும். ஈய எழுத்தில் அச்சிட்டது என்றால் பெரும்பாலும் அழுத்தம் தட்டுப்படும். மீள்பதிப்பு வழவழவென்று இருக்கும். அதையும் வாங்க ஆளுண்டு, ஆனால் விலை வேறு.

பழசெல்லாம் காசில்லை. மருதானைப் பக்கம் டீ. ஆர். விஜேவர்தன மாவத்தைக் கடைகளில் தடித்த ஆங்கில நாவல்கள் குவிந்து கிடக்கும். நான் அதைத் தொடுவதில்லை. அடியில் நசுங்கிக் கிடக்கும் ஒல்லிகளைத்தான் இழுப்பேன்: கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், இறந்தவர் நினைவாக அச்சிடும் 31ஆம் நாள் கல்வெட்டு, அறுபதுகளின் 'மல்லிகை' இதழ். கொஞ்சமாக அச்சடித்து, வாசித்ததும் போத்தல் பேப்பர்காரருக்குப் போட்டவை. 1981இல் யாழ் நூலகத்தோடு 90,000க்கு மேற்பட்ட நூல்கள் எரிந்தன. பிறகு இடம்பெயர்வில் வீட்டு அலுமாரிகளும் போயின. அதனால்தான் சொந்த ஊர்ப் பெயர் உள்ள ஒரு மெல்லிய மலருக்கு லண்டனிலிருந்தும் ஆள் கேட்பார். (கடைக்காரருக்கு முன்னால் ஒரு நூலை இரண்டு தரம் புரட்டாதேயும், விலை ஏறிவிடும்.)

விற்க முதல், நம்மவர் நூல்களை ஸ்கேன் எடுத்துப் போடும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் தேடிப் பாரும். அங்கே இல்லாவிட்டால் அவர்கள் ஸ்கேன் எடுக்க ஒருமுறை கொடும். வாசிக்க மட்டும் தேடுகிறவர் ஸ்கேனோடு நின்றுவிட்டாலும் சேகரிப்பவர் மூல நூலைத்தான் கேட்பார்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் கவனம். 50 வருடம் கடந்த அரிய நூலையும் ஓலைச்சுவடியையும் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரிக்காமல் தபாலில் போடவேண்டாம்.

சம்பளத்தை மட்டும் விட்டுவிடாதேயும். ஒரு நல்ல நூலுக்கு உரிய ஆள் வரும்வரை காசு அலுமாரிக்குள்ளேயே கிடக்கும்.

கேள்வி: அட்டை கிழிந்த நூலைப் புதிதாகக் கட்டி விற்றால் விலை கூடுமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: குறையும், தங்கச்சி. சேகரிப்பவருக்கு மூல அட்டைதான் முக்கியம். செலோடேப்பைக் கையிலும் எடுக்கவேண்டாம். அது மஞ்சளாகித் தாளையும் கெடுக்கும். கொழும்புக் கடற்காற்றில் பொலித்தீனுக்குள் இறுக்கிக் கட்டினாலும் பூஞ்சணம் பிடிக்கும், கடதாசி உறை போதும். கிழிசலைப் படம் எடுத்துக் காட்டியே விலை பேசும்.