குறைந்த செலவில் வகுப்பறைக்கு எந்த மென்பொருள்கள் உதவும்?

நாலைந்து பழைய கணினிகள், விட்டுவிட்டு வரும் இணையம், மென்பொருள் வாங்கப் பணமில்லை. எதில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கணக்குப் பாடம் என்றால் தயங்காமல் ஜியோஜீப்ரா. 2001இல் மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் தொடங்கிய மென்பொருள் இது. முக்கோணத்தின் ஒரு முனையைச் சுட்டியால் இழுத்தால் கோணங்கள் மாறும், கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையிலேயே நிற்கும். கரும்பலகையில் பத்துப் படம் வரைந்தாலும் இந்தத் தெளிவு வராது. நீங்கள் இழுத்துக் காட்டாதீர்கள், பிள்ளைகளை இழுக்க விடுங்கள். "அது ஏன் மாறவில்லை?" என்று அவர்களே கேட்பார்கள். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

அறிவியலுக்கு ஃபெட் பாவனையாக்கங்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம். ஒருமுறை பதிவிறக்கினால் இணையமின்றியே பலவும் ஓடும். ஆனால் கையில் பேட்டரியும் பல்பும் இருந்தால், மின்சுற்றை முதலில் அவற்றில்தான் செய்ய வேண்டும். திரை அதற்குப் பிறகு.

சிறு வகுப்புகளுக்கு ஜிகாம்ப்ரி என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்பு, ஆவணங்களுக்கு லிப்ரே ஆபிஸ். விக்கிப்பீடியாவையே பென்டிரைவில் கொண்டுபோக கிவிக்ஸ்.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு. லிப்ரே ஆபிஸும் ஜிகாம்ப்ரியும் கட்டற்றவை. எத்தனை கணினியிலும் நிறுவலாம், மாணவர் வீட்டுக்கும் நகலெடுத்துக் கொடுக்கலாம். ஜியோஜீப்ரா வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். வகுப்பறைக்கு அது தடையில்லை.

கணினி மிக மெதுவாக இருந்தால் லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளத்தை முதலில் ஒரு கணினியில் மட்டும் போட்டுப் பாருங்கள்.